பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது

ஒஸ்லோவில் முதன்முதலாக வாக்குப் போடப் போனபோது, அடையாள அட்டையைக் காட்டியதும் பழக்கதோஷத்தில் இடது சுண்டுவிரலையும் நீட்டிவிட்டேன். மேசையில் இருந்த நோர்வேஜியப் பெண் விரலை உற்றுப் பார்த்தார். "காயமா? பிளாஸ்டர் தரட்டுமா?" என்றார். இங்கே விரலில் மை பூசுவதில்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும்தான் வீடு இருக்கிற மோர்டென்ஸ்ருட் வரை ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இதைச் சொன்னபோது சிரிக்காதவள் இரீனா ஒருத்திதான். என்னைப் போலவே பஸ் ஓட்டுபவள். அவளுடைய நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி போனபிறகு, ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து தேர்தலைக் கண்காணிக்க ஒரு குழு வைத்திருந்தார்கள். அரசாங்கத்தின் காசும் இல்லை, கட்சிக்கொடியும் இல்லை. வாசலில் குந்தியிருந்து உள்ளே போகிறவர்களைக் கொப்பியில் கோடு போட்டு எண்ணுவதுதான் வேலை. அடுத்த தேர்தலுக்கு வெளிநாட்டு நண்பர்களையும் கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். கழுத்தில் 'நோர்வே' என்று எழுதிய அட்டை. இரீனா ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பார், எழுது. வாய் திறக்காதே."

சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் பஸ் நடத்துனர் உடுப்போடு ஒரு பெண் ஓடிவந்தாள். பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். அதிகாரி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. அவள் முகம் சிவந்துபோனது. வாசல் பக்கம் திரும்பினாள்.

அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, "தம்பி, உம்மடை வாக்குப் போட்டாச்சு" என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். ஏன் என்று கேட்கப் பயம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் வாக்குப் போட்டதாகப் பொய் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"அக்கா, போகாதேங்கோ! நில்லுங்கோ!"

கத்தியது நான்தான், அதுவும் தமிழில். மண்டபமே என்னைப் பார்த்தது. இரீனா தலையில் கை வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, ஆனாலும் நின்றுவிட்டாள். பிறகு மெல்லத் திரும்பி வந்து, கதிரையை இழுத்துப் போட்டு அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பட்டியலில் இருந்த கையெழுத்தையும் தன் அடையாள அட்டையில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வெளியே பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். அவள் அசையவில்லை. அதிகாரி இரண்டு முறை தொலைபேசியில் கதைத்தார். கடைசியில் ஒரு வாக்குச்சீட்டை எடுத்து நீட்டினார். பெட்டியில் போட்டுவிட்டு ஓடும்போது அவள் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒஸ்லோவுக்குத் திரும்பி அறிக்கை நிரப்பினோம். பார்வையாளர் தலையிட்டாரா? ஆம். எந்த நாட்டவர்? நோர்வே. என்ன சொன்னார்? அந்த இடத்தில் நான் தமிழிலேயே எழுதினேன்.

"இதை யார் வாசிப்பார்கள்?" என்று இரீனா கேட்டாள்.

வாசிக்க வேண்டியவன் வெகுகாலத்துக்கு முன்பே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அன்றைக்கு அவனை நில் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.