இல்லை என்று சொல்லத் தெரியாத சிஸ்டம்

ஆவடி குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்காரரிடம் ஸ்குரூ டிரைவர் முதல் ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் எதையும் கேட்கலாம். கொடுத்துவிடுவார்.

தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுவார். மெஷினை எழுப்புவது, தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவது, கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஒற்றை ஆளாக எழுதியது. ஆனால் அதில் ஓட உருப்படியாக ஒரு புரோகிராம்கூட இல்லை.

"யாருக்கும் உதவாத சிஸ்டத்த வச்சிகினு இன்னா பண்றது? ஞாயித்துக்கெழம அழிச்சிட்றேன்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. எனக்குப் பகீரென்றது.

சி என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவள் நான், அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த, எழுத்து அடித்துச் சேமிக்க உதவும் எடிட்டர் புரோகிராம் ஒன்றின் மூல வரிகளை அங்கிருந்து ஃபிளாப்பியில் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை உங்கள் சிஸ்டத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். எடிட்டர் கேட்பது ஒன்று, இவருடைய சிஸ்டத்தில் இருப்பது ஒன்று. இரண்டையும் இணைக்க மதியமெல்லாம் மல்லுக்கட்டினேன். ஒருவழியாகப் பிழை காட்டாமல் கம்பைல் ஆகி, ஓடுகிற புரோகிராமாக மாறியது. ஓடவிட்டால், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

சனிக்கிழமைதான் கோளாறு பிடிபட்டது. எடிட்டர் முதலில் தன் செட்டிங்ஸ் ஃபைலைத் தேடும். இல்லை என்று பதில் வந்தால் தானே சமாளித்துக்கொள்ளும். இவருடைய சிஸ்டமோ எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாது. அந்தப் பெயரில் காலியாக ஒன்றை அப்போதே உண்டாக்கிக் கொடுத்துவிடும். அந்தக் காலி ஃபைலைப் படித்து எடிட்டர் குழம்பிப் போயிருக்கிறது.

"ஏங்க, இல்லாதத இல்லைன்னு சொன்னா என்னங்க?"

"கேட்டு வந்தவன வெறுங்கையோட எப்டி அனுப்பறது?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

காபி கொடுத்துக் கெஞ்சியதில், ஞாயிறு காலை உட்கார்ந்து அந்த இடத்தை மாற்றினார். ஓட்டிப் பார்ப்பதற்குள் பக்கத்து பிளாக்கில் குடியிருப்பவர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, மச்சினிச்சிக்கு நிச்சயதார்த்தம். இன்னிக்கு என் டியூட்டிய பாத்துக்கிறியா?"

"போய்ட்டு வா நைனா, நான் பாத்துக்கறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிஸ்டத்துக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்த மனுஷன்!

தனியாக உட்கார்ந்து ஓட்டினேன். எடிட்டர் திறந்தது. மூடிக்கொள்ளவில்லை. வீட்டில் வேறு யாருமில்லாததால் கைதட்டிக்கொண்டேன். அவருக்காக மூன்று வரித் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்தேன்.

சாயங்காலம் டிபன் கேரியரோடு வந்தவரை அப்படியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஃபைலைத் திறக்கச் சொன்னேன். உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"இந்த சிஸ்டம் எனக்கு வேண்டும். அழிக்காதீர்கள். ஊரே உங்களிடம் கேட்கிறது, நானும் கேட்கிறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"நீ கேட்டு நான் என்னிக்கு இல்லைன்னு சொல்லிக்கீறேன்?" என்றார்.