அக்கா ஏறினால் ஃபியூஸ் போகும் கார்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கொசு கடித்தால்கூட, அது ஜன்னல் வழியாக வந்ததா கதவு வழியாக வந்ததா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு நாள் ஜன்னலை மூடுவார், மறுநாள் கதவை மூடுவார். இரண்டு நாளும் கடி வாங்குவது அக்காதான். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்" என்பது அவருடைய மந்திரம்.

அவரிடம் ஒரு கார் இருக்கிறது. கல்யாணமான வருடம் வாங்கியது; வாங்கும்போதே அதற்கு வயது பதினைந்து. பானெட்டை வேறு யாரும் தொட விடமாட்டார். ஆறு வருடத்துக்கு முன் எலி கடித்து வயரெல்லாம் போனபோதும் தானே புது வயர் இழுத்துப் போட்டார். ஓட்டுவதிலும் அதே கர்வம். "முப்பத்தோரு வருஷம் மாப்ள. உங்கக்கா என் பக்கத்துல உக்காந்து ஒரு நாள் பயந்தது கிடையாது" என்று மாதம் ஒருமுறையாவது என்னிடம் சொல்லிவிடுவார்.

அந்தக் காருக்குத்தான் ஆபத்து வந்தது. தகுதிச் சான்று வாங்கப் போன இடத்தில் ஆய்வாளர், "லைட்டைப் போட்டுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் வாங்க" என்றார். சுவரை நெருங்கும்போது இரண்டு ஹெட்லைட்டும் பொட்டென்று அணைந்தன. ஃபியூஸ் போயிருந்தது. பதினைந்து நாள் கழித்து மறுபடி அக்காவும் மாமாவும் போனார்கள். அதே சுவர், அதே கதை. இன்னும் ஒரு வாய்ப்புதான், அதிலும் தவறினால் கார் பழைய இரும்புக்குப் போகும் என்று ஆய்வாளர் எழுதியே கொடுத்துவிட்டார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இல்லாவிட்டால் நான் ஏன் லீவு போட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொள்ளப் போகிறேன்?

ஃபியூஸ் போகிறதென்றால் எங்கோ வயரின் தோல் உரிந்து கார் தகரத்தில் படுகிறது என்று அர்த்தம். எங்கே என்பதுதான் தெரியவில்லை. மாமா பல்பு ஹோல்டரைக் கழற்றித் துடைத்தார், ஸ்விட்சை மாற்றினார். பிறகு லைட்டைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் மைதானத்தைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றினார். லைட் ஜம்மென்று எரிந்தது. என்னை ஏற்றிக்கொண்டு சுற்றினார். எரிந்தது. அக்காவை ஏற்றினார். முதல் திருப்பத்திலேயே ஃபியூஸ் காலி. இப்படி ஆறு ஃபியூஸ் போனபின் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"மாப்ள, தப்பா நினைக்காத. கோளாறு உங்கக்காகிட்ட இருக்கு."

"அதை அவகிட்டயே சொல்லுங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீதானே கூடப் பிறந்தவன்."

இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. எனவே ஆராய்ச்சி தொடர்ந்தது. எடை காரணமாக இருக்குமோ என்று முதலில் சந்தேகம். அக்காவிடம் எடையைக் கேட்டோம். "ஐம்பத்தஞ்சு" என்றாள், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. மாமா தன் பங்குக்கு ஏழு சேர்த்து, அறுபத்திரண்டு கிலோ மணலை மூட்டை கட்டிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். மூட்டையோடு மூன்று சுற்று. நடைப்பயிற்சிக்கு வந்த தபால்காரர் வண்டிக்குள் குனிந்து பார்த்து, "சொந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஃபியூஸ் போகவில்லை.

அடுத்தது குரல். மூட்டையை இறக்கிவிட்டு என்னை உட்கார வைத்து, அக்கா வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லச் சொன்னார். "ஏங்க, மெதுவா. ஏங்க, பஸ் வருது" என்றேன். "இன்னும் கொஞ்சம் எரிச்சலா சொல்லு மாப்ள" என்றார். அலுவலகத்தில் பதினோரு பேர் என்னைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். அதையெல்லாம் நினைக்காமல் எரிச்சலாகவும் சொன்னேன். அதற்குத் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஃபியூஸ் அப்போதும் போகவில்லை.

கடைசியில் மாமா முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். ஹெட்லைட் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு சின்ன பல்பை இணைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். வயர் எப்போது தகரத்தில் பட்டாலும் அந்தப் பல்பு எரியும். அக்காவை முன்னால் உட்கார வைத்து, என்னைப் பின்னால் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் வண்டியை விட்டார்.

பஸ் குறுக்கே வந்தது. பல்பு எரிந்தது. சைக்கிள்காரர் கையைக் காட்டாமல் திரும்பினார். பல்பு எரிந்தது. நாய் ஒன்று, போவதா வேண்டாமா என்று யோசித்தது. அதற்கும் எரிந்தது.

"ஆபத்து வந்தா தானா எரியுதே!" என்றாள் அக்கா. "இவ்வளவு நல்ல சாமானை இத்தனை நாளா ஏன் மாட்டல?"

நான் பின்சீட்டிலிருந்து எட்டி அவள் காலைப் பார்த்தேன். பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமா குறிப்பு நோட்டை நீட்டினார்.

"பஸ்ஸுக்கு மூணு, சைக்கிளுக்கு ரெண்டு, நாய்க்கு ஒண்ணு. வயருக்கு நாயை எப்படி மாப்ள தெரியும்?"

"அவ காலடியில கிடக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்க மாமா."

தூக்கினார். குதிகால் படும் இடத்தில் வயரின் தோல் நசுங்கி உரிந்து செம்பு பளபளத்தது. எலி வயரைக் கடித்த வருடம் அவர் இழுத்த அதே வயர். "இந்தப் பக்கம் யாரும் மிதிக்கப் போறதில்லன்னுதானே இங்க போட்டேன்" என்றார். அந்தப் பக்கத்து மேட் மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று கடைக்காரரோடு மூன்று முறை சண்டை போட்டவர் அவர்தான்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "பிரேக்கு" என்றாள், கேட்காமலே. "நீங்க பிடிக்கலன்னா நான் பிடிக்க வேண்டாமா?"

"எத்தனை நாளா?"

"கல்யாணமானதுல இருந்து."

மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பேச்சுக்காவது வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் காலையில் போனேன். வயரைக் கதவோரமாக மாற்றிக் குழாய்க்குள் விட்டிருந்தார். அக்காவின் பக்கத்தில், பழைய இரும்புக்கடையில் தேடிப் பிடித்த பிரேக் பெடல் ஒன்றை நான்கு போல்ட் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ஸ்பிரிங். வேறெதுவும் இல்லை.

"எதுக்கு மாமா இது?"

"கால் எங்கயாவது மிதிக்கணும்ல" என்றார், நிமிராமலே.

மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். சுவர் கிட்டே வந்தது. அக்கா பலமாக மிதித்தாள். பெடல் கிரீச்சென்றது, லைட் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், உள்ளே பார்த்து நிறுத்திவிட்டார்.

"ரெண்டாவது பிரேக்கா? எதுல கனெக்ட் பண்ணியிருக்கீங்க?"

"எதுலயும் இல்லைங்க" என்றார் மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப இது வேலை செய்யாதே?"

"ஏன் செய்யாது?" என்றாள் அக்கா. "முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை முட்டியிருக்கோமா, கேளுங்க."

ஆய்வாளர் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது சாலை காலியாகக் கிடந்தது. பாதி வழியில் அக்காவின் பெடல் கிரீச்சென்றது. மாமா உடனே பிரேக் பிடித்து வண்டியை நிறுத்தினார். மூன்று பேரும் முன்னால் பார்த்தோம். ஒன்றுமே இல்லை.

"சும்மா கால் பட்டுடுச்சு" என்றாள் அக்கா.

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி கியர் போட்டார்.