பத்து நிமிடக் கெடு

மதுராந்தகத்தில் எங்கள் மருத்துவமனைக்கு நெட்வொர்க் வேலைக்கு வந்தவர் ஒல்லியானவர். சட்டைக் கையை ஓயாமல் மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சதுரங்கப்பட்டினம் கிளையில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில், கேபிள் செருகும் ஒரு போர்ட்டின் அமைப்பை இங்கிருந்தே மாற்ற வேண்டும். முதலில், பத்து நிமிடத்தில் அந்தப் பெட்டி தானாக அணைந்து பழைய அமைப்போடு எழும்படி கெடு வைத்தார். பிறகு மாற்றினார். இணைப்பு அறுந்தது. விபத்தில் அடிபட்ட ஒருவரின் தலை ஸ்கேன் அங்கிருந்து பாதிதான் வந்திருந்தது.

"எதுனா பண்ணுங்க சார்!" என்று கத்தினேன்.

"தப்பான போர்ட்ட மூடிட்டேன். சும்மா குந்துங்க, அதுவா வந்துரும்."

கடிகாரத்தையே பார்த்தோம். கெடு முடிந்ததும் பெட்டி பழையபடி எழுந்து, மீதி ஸ்கேனும் வந்தது. சரியான போர்ட்டை மாற்றும் முன்பும் அவர் கெடுவைத்தான் முதலில் வைத்தார்.

"உங்க மேலயே நம்பிக்கை இல்லியா?"

"கீது. பத்து நிமிசத்துக்கு கீது."

ஆபரேஷனுக்கு நோயாளியின் வீட்டாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் டாக்டர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது.