ஆக்சிஜன் இன்னும் ஏறும்

போன வாரம் ஒரு கிரகத்தையே காலி செய்துவிட்டேன். இடம்: திருப்பூர் நல்லூரில் என் வீட்டு ஹால்.

பதறாதீர்கள், கம்ப்யூட்டரில்தான். ஆனால் நான் பதறினேன். காரணம் இருக்கிறது.

என் மகள் காவ்யா எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடமாக வீடியோ கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். விண்வெளி வியாபாரம். ஒரு கிரகத்தில் சல்லிசாக வாங்கி, கப்பலில் ஏற்றி, இன்னொரு கிரகத்தில் விற்க வேண்டும். இருப்பு குறைந்தால் விலை தானாக ஏறும், குவிந்தால் இறங்கும். வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு டெமோ. அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் திங்கட்கிழமை பழைய வேலைக்கு... அம்மாவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"விலை நெசமாட்ட இருக்கணுங்கப்பா. நீங்க ஆடிப் பாருங்க."

என்னிடம் ஏன் கேட்டாள்? நூல் விலை ஏறும்போது வாங்கிக் குவித்து, இறங்கும்போது வேடிக்கை பார்த்து, ஒரு பனியன் கம்பெனியை வெற்றிகரமாக மூடியவன் நான். இந்த ஊரில் அதற்குப் பெயர் அனுபவம்.

துணைக்கு இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டேன். நூல் ஏஜென்ட் செல்வராஜ். தையல் யூனிட் நடத்தும் தென்காசிக்காரர் முருகேசன். ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு கப்பல் நிறைய ஆக்சிஜன். எதிரே காற்றே இல்லாத ஒரு சுரங்கக் கிரகம். இருப்பு கரையக் கரைய விலை ஏறியது.

விற்றோமா?

"விக்காதீங்க, இன்னும் ஏறும்" என்றார் செல்வராஜ்.

"அப்பா, அங்க ஆளுங்க மூச்சு விடணுங்கப்பா!"

"ஒண்ணாந்தேதி வரைக்கும் பொறுக்கச் சொல்லு கண்ணு" என்றேன் நான்.

எங்கள் ஊரில் மில்காரர்கள் நூல் விலையை ஒன்றாம் தேதிதான் சொல்வார்கள். பழக்கதோஷம்.

திரையில் விலை எண் கட்டத்தைத் தாண்டி வெளியே வழிந்தது. மூன்று பேரும் அசையவில்லை. காவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சும்மா காத்திருக்கறவந்தான் ஜெயிப்பான்னா இது கேம் இல்லீங்கப்பா, பஸ் ஸ்டாண்டு."

டெமோவுக்கு இன்னும் மூன்றே நாள். ஒரு கம்பெனியை மூடிய அதே புத்தி, அவள் கேமையும் மூடப்போகிறதா?

மறுநாள் மாலை மறுபடி உட்கார வைத்தாள். எதை மாற்றினாள் என்று சொல்லவில்லை. அதே கப்பல், அதே ஆக்சிஜன், அதே நாங்கள். விலை ஏறியது... நின்றது... சரசரவென்று இறங்கியது.

"யாருவே வித்தது?" என்று கத்தினார் முருகேசன்.

"சத்தியமா நானில்லீங்க" என்றார் செல்வராஜ்.

யாருமே விற்கவில்லை. விலை பூஜ்யம். காவ்யா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். மக்கள் தொகை: 0.

"வாங்க ஆளில்லீங்க மாமா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, எல்லாரும் அவங்கவங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க."

செல்வராஜ் சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. அவர் யூனிட்டில் இருந்த பீகார் டெய்லர்கள் பண்டிகைக்கு ரயிலேறிப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன.

"பீஸுக்கு ஒரு ரூவா கூடக் கேட்டானுவ" என்றார். "நாந்தான் பொறுங்கலேன்னேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலிலிருந்து அவருடைய அரைகுறை இந்தி கேட்டது. ரேட்டை ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை பெங்களூரிலிருந்து போன் வரவில்லை. நான் எத்தனை டீ குடித்தேன் என்று வீட்டில் கேட்காதீர்கள். மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பெரிய மேனேஜரே ஆடறாருங்கப்பா. ரெண்டு தடவ கிரகம் காலி. இன்னொரு தடவைங்கறாரு. சாப்பிடக்கூட எந்திரிக்கல."

"இப்பவாச்சும் வித்தாரா?"

"இல்லீங்க. இன்னும் ஏறும்ங்கறாரு."

"எந்த ஊருக்காரரு கண்ணு?"

"டெல்லிங்கப்பா."

திருப்பூர் ஒரு ஊர் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.