கால் எட்டாத சிவப்பு வண்டி

அக்கா மகள் நேற்று செல்போனில் இரண்டு படம் அனுப்பியிருந்தாள். வேலைக்குப் போன கையோடு மவுண்டன் பைக் வாங்கப் போகிறாளாம். "மாமா, ரெண்டுல எது எடுக்கட்டும்?" என்னிடம் போய் சைக்கிள் யோசனை கேட்கிறாள் பாருங்கள். ஏறி நின்று பார், கால் எட்டுவதை எடு என்று பதில் போட்டேன். ஆனால் அந்தத் தடித்த டயர்களைப் பார்த்ததுமே புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எனக்கு அது நல்ல வாசனை இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் கதிர். திருச்செங்கோட்டுப் பக்கம், என்னைவிட மூன்று வயது இளையவன், உயரமும் குறைவு. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு தேறி, உடல் தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே காட்டைப் பற்றிப் பேசுவான். ஞாயிறுதோறும் சைக்கிளில் ஏற்காடு ஏறினால் அவனுக்குக் கால் உரம் பெறும், எனக்குத் தொப்பை குறையும் என்று முடிவானது.

இரண்டு பேருக்கும் மலை சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் ஒரு வாரம் வீடியோ பார்த்திருந்தேன். அதில் வந்த ஞானம் கொஞ்சநஞ்சமல்ல. கடையில் கதிர் ஒரு சின்ன வண்டியின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நின்றான். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. "எனக்கு இதே போதுமுங்கண்ணா. காலு நல்லா எட்டுது." கடைக்காரரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார். நான்தான் சிரித்தேன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஓட்டறதுப்பா அது" என்று, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த பெரிய சிவப்பு வண்டியைக் காட்டினேன். நாலு பேர் முன்னால் சின்னப் பையனாக அவனுக்கு மனமில்லை. எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறு. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் எதிரே வந்தது. கதிர் பிரேக் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டான், காலூன்றத்தான் முடியவில்லை. வண்டியோடு ஓரத்துக் கற்சுவரில் சாய்ந்தான். வலது முழங்கை நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு அவன் அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், சட்டையெல்லாம் பஞ்சு. "இத்தாம் பெரிய வண்டிய எடுக்கச் சொன்னது யாரு சாமி?" என்று மகனைக் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். கதிர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நானேதான் எடுத்தனுங்கப்பா."

தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லி நான் வெளியே போனேன்.

அந்தக் கை அப்புறம் முழுசாக நீளவில்லை. வனக்காவலர் வேலை போயிற்று. மண்டிக்கும் அவன் திரும்பவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் சமையல் வேலைக்கு வடக்கே போனதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு அவன் நம்பரும் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். கதிரின் அப்பாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் தெருவைத் தேடிப் போனேன். அவர்கள் வீட்டில் தறி ஓடிய இடத்தில் புது மதில் எழும்பிக்கொண்டிருந்தது.

"ஊட்ட வித்துப்போட்டுப் போயி நாலு வருசமாச்சுங்க. பெரியவரு அதுக்கு முந்தியே தவறிட்டாரு" என்றார் பக்கத்து வீட்டம்மா. பிறகு, நான் யார் என்று கேட்டார்.

கூட வேலை பார்த்தவன் என்றேன்.