உறவில்லாத ஆள் வேண்டும்

"அம்மான்ர பக்கம் எந்த ஊர், பிள்ளை?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார் அரியரத்தினம். மறுமுனையில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். அம்மாவுக்கு எத்தனை சகோதரங்கள், யார் எங்கே கட்டினார்கள், கொழும்பில் இருந்த பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அரைமணி நேரம் போகிறது. கடைசியில் முகம் வாடிப்போய்த் தொலைபேசியை வைக்கிறார். "சரிவராது தம்பி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்டுக்கு இவ பெரியம்மா முறை" என்கிறார் என்னிடம்.

ஏதோ கலியாணத் தரகர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் திங்கள் முதல் வெள்ளி வரை மொன்றியலின் லாசால் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பிஸ்கட் பெட்டிகளின் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பரீட்சைப் பொறுப்பாளர். ஜூன் மாதம் பல நகரங்களில் ஒரே நாளில், ஒரே வினாத்தாளோடு நடக்கும் பொதுப் பரீட்சை அது. மண்டபத்துக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் வேண்டும். பிள்ளைகள் எவருக்கும் அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. ஒருவர் குறைந்தாலும் விடைத்தாள்களைத் திருத்த மாட்டார்கள், பிள்ளைகளின் ஒரு வருடம் வீண்.

மற்ற ஊர்களில் உறவு என்றால் தாய் தகப்பனோடு சரி. இவருக்கு அது ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது, சகலனின் தங்கச்சி வரைக்கும் போகும். மொன்றியலில் இருக்கிற யாழ்ப்பாணத்தவரிடம் இந்தக் கணக்கைப் போட்டால் யார் மிஞ்சுவார்கள்? எல்லோரும் எல்லோருக்கும் மச்சான், இல்லாவிட்டால் பெறாமகள். எட்டு வருடமாக நான் ஒரு மேற்பார்வையாளராக இருக்கிறேனே, என் ஒரே தகுதி நான் திருச்சிக்காரன் என்பதுதான். இங்கே எனக்கு நாதியில்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்ட மனிதர் இவர் ஒருவரே.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் மேற்பார்வைக்கு நின்ற ஒரு சித்தி, அக்கா மகன் பிழையான விடையில் பேனாவை வைக்கும்போதெல்லாம் இருமினார். பையன் இருமலைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். அரியரத்தினம் எதிரே இருந்த மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கி வந்து, சித்தியை வெளியே உட்கார வைத்து, ஒரு கரண்டி குடிக்க வைத்தார். பிறகு பையனை முன் வரிசைக்கு மாற்றினார்.

அவர் விசாரிக்கிற விதம்தான் வம்பு. போன மாதம் பக்கத்து நகரமான லவாலில் இருக்கிற சிவநேசம் அக்காவிடம் பூர்வீகம் முழுக்கத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றிருக்கிறார். கலியாண வயதில் மகள் இருக்கிற மனிதர் இப்படிக் கேட்டால் அந்த அம்மா வேறு எதை நினைப்பார்? இவர் போனபோது மேசை நிறைய ரோல்ஸும் பற்றீஸும் இருந்தன. மகன் மதுஷன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். "சோதினை முடியுமட்டும் உங்கட வீட்டில ஒண்டும் வாயில வைக்கமாட்டன்" என்று இவர் கையை எடுத்துக் கும்பிட, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அந்த வீட்டில் இவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் அகப்பட்டார் அஞ்சலீனா. மன்னார்க்காரர், மாதா கோயில் குடும்பம், கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. மூன்று தலைமுறை விசாரித்தும் முப்பத்தேழு பிள்ளைகளில் ஒருவரோடும் ஒட்டு இல்லை. அரியரத்தினம் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். பின்னோக்கி அவ்வளவு கேட்டவர், முன்னோக்கி ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை அன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும். ஒன்பதுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, மண்டப வாசலில் உறவில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை அஞ்சலீனாவிடம் நீட்டினார். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அரியரத்தினத்தின் இளைய மகள் சாம்பவியும் அவர்களில் ஒருத்தி. அதனால் அவர் மண்டபத்துக்குள் காலே வைக்க மாட்டார். அஞ்சலீனா படிவத்தைப் படித்தார். பேனாவை மூடினார்.

"அங்கிள், இதில நான் கையெழுத்து வைக்கேலாது. என்ர தம்பி ஜோன்சனும் உங்கட வினோஜாவும் கலியாணம் செய்யப்போகினம். அடுத்த கிழமை உங்களிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தவை."

வினோஜா அவருடைய மூத்த மகள். மூன்று வருடமாக அவளுடைய சாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார் மனிதர்.

"வீட்டில ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"அன்ரிக்குத் தெரியும்."

அன்ரி, அதாவது அவருடைய மனைவி, பக்கத்து அறையில் பெற்றோருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவு வழியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தேவைக்கு மேல் சீனி போடத் தொடங்கினார்.

நான் இடையில் புகுந்தேன். இன்னைக்குத் தேதிக்கு இவங்க உறவு இல்லையே சார், கையெழுத்துப் போடட்டுமே என்றேன். பெரிய புத்திசாலி நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் விஷயம் விளங்கியது. கையெழுத்து வாங்கினால் பரீட்சை நடந்துவிடும். ஆனால் அந்தக் குடும்பம் தன் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்று அவரே எழுதி வாங்கியதாகிவிடும். உறவு என்று சொல்லிப் பட்டியலில் பெயரை வெட்டினாலோ, கோயில் வேறு, ஊர் வேறு என்று வீட்டில் ஒரு வார்த்தை சண்டைகூடப் பிடிக்காமல் கலியாணத்துக்குச் சம்மதித்ததாகிவிடும். பாவம், யோசிக்க அவருக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது.

தாழ்வாரத்தில் கட்டடக் காவலாளி மிஸ்யூ எவன்ஸ் சாவிக்கொத்தோடு போய்க்கொண்டிருந்தார். அரியரத்தினம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஹெய்ட்டிக்காரரான அவர் தோளைக் குலுக்கிச் சம்மதித்தார். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. அவரிடம் மட்டும் அம்மா எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

அஞ்சலீனாவின் கழுத்திலிருந்த அட்டையை வாங்கி எவன்ஸின் கழுத்தில் மாட்டினார். எங்கள் இருவரையும் உள்ளே அனுப்பினார். நான் கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். அரியரத்தினம் வாசல் மேசையில் குனிந்து, அஞ்சலீனாவின் பெயர்மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கிழித்தார். நீக்கிய காரணம் என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாக, 'மருமகனின் தமக்கை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.