சூடம் அணைக்க மறுத்தவள்

“ஒருத்தி வேணும்னே மறப்பாளா?”

என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கயல் போன வருடம் இப்படிக் கேட்டாள். கேட்டது அவளுடைய அம்மா அனுசுயாவைப் பற்றி. பேச்சை மாற்றிவிட்டேன். அன்று சொல்லத் தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே அனுசுயாவின் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அவள் கணவன் விஜய்பாண்டி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். கொடி நறுக்கும் கவாத்து, மருந்தடிப்பு, தண்ணீர் எல்லாம் அனுசுயாவின் கையில்தான். பக்கத்துப் பந்தல் விஜய்பாண்டியின் அண்ணன் சுருளியாண்டியுடையது. இரண்டுக்கும் ஒரே மோட்டார், சாவி ஆளுக்கொன்று. மோட்டார் ரூமுக்கு வெளியே இரண்டு வால்வுகள், அடுத்தடுத்து, ஒரே மாதிரிச் சிவப்புச் சக்கரத்தோடு நிற்கும். ஒன்று அவள் பந்தலுக்கு, மற்றது அவருடையதற்கு.

அனுசுயாவின் மனம் ஓரிடத்தில் நிற்காது. துவைத்த துணியை வாளியோடு மாடிக்குக் கொண்டுபோவாள். மாடியில் நின்றால் கொல்லைப்புறத்து முருங்கை தெரியும். காய் முற்றுகிறதே என்று தொரட்டி எடுக்க இறங்குவாள். தொரட்டி இருக்கும் மூலையில் கோழி முட்டை இட்டிருக்கும். மறுநாள் துணி வாளியிலேயே நாறிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் இதற்காக அவள் அம்மா தலையில் குட்டாத நாளில்லை. “ஒன் நெனப்பு எங்கனடி மேயுது?” என்று கேட்டுக் கேட்டே குட்டுவாள். பதில் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? பள்ளியில் பெஞ்சு மேல் நிற்கவைத்தார்கள். கல்யாணமான பிறகு மாமியார் வீட்டில் பொறுப்பில்லாதவள் என்றார்கள். பேர்தான் மாறியதே தவிர, குட்டு நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குள் ஒரு வழக்கு முடியவில்லை என்றால் சூடம் ஏற்றுவார்கள். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம். மீறினால் சாமி கேட்கும். இனி மறக்க மாட்டேன் என்று அனுசுயா ஏற்கனவே இரண்டு முறை சூடம் அணைத்திருந்தாள். இரண்டு முறையும் மனசாரத்தான் அணைத்தாள். இரண்டு முறையும் மறந்தாள். வேணும்னே ஒன்றும் செய்யாத ஒருத்தியைச் சாமிக்கே பொய் சொன்னவள் ஆக்கிவைத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன சித்திரையில் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாள். அந்த டாக்டரம்மா அவள் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இதுக்குக் கவனச்சிதறல்னு பேரும்மா. பிறவியிலேயே உண்டு. பெரியவங்களானாலும் பலருக்குப் போறதில்ல. இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல” என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். “ஞாபகம் வச்சுக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க. தப்பு நடக்க முடியாதபடி கண்ணு முன்னால ஒரு தடையை வைங்க” என்றும் சொன்னார்.

அனுசுயா திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னமனூர் தாண்டும்வரை அழுதாள். துக்கத்தில் இல்லை. இத்தனை வருடக் குட்டும் எதற்கு என்ற கோபத்தில்.

மறுநாள் காலையில் தோட்டத்தில் சுருளியாண்டியிடம் போய்க் கேட்டாள். “மாமா, ஒங்க பந்தல்ல பழம் நிறம் ஏறுறப்ப, ஒங்க வால்வுச் சக்கரத்தக் கழட்டி வச்சுக்கிருங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு. என் கை மாறிப்போயிரும்னு பயமா இருக்கு.”

நிறம் ஏறி இனிப்புக் கட்டுகிற நாட்களில் திராட்சைக்குத் தண்ணீர் விடக் கூடாது. விட்டால் பழம் தோல் வெடித்துவிடும். அதனால்தான் கேட்டாள்.

டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். சுருளியாண்டி சிரித்தார். “மறதிக்கெல்லாம் டாக்டரு சீட்டா? நல்லாருக்கு ஆத்தா. அப்ப நாளைக்கு நான் ஒனக்குக் குடிக்கிறதுக்குச் சீட்டு வாங்கிட்டு வாரேன். ஒருத்தி புத்தி மேயுறதுக்கு நான் வால்வக் கழட்டணுமாக்கும்?”

ஒரு ஸ்பேனர் வேலை. அதைத்தான் மறுத்தார்.

அவள் பயந்தது அந்தப் போகத்திலேயே நடந்தது. சுருளியாண்டியின் பந்தல் கறுத்துத் தொங்கியது. கோட்டயத்து வியாபாரி வந்து பார்த்து வெட்டுக்கு நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அனுசுயாவின் பந்தலோ கவாத்து முடிந்து தண்ணீருக்குக் காய்ந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வைத் திறக்கக் குனிந்தாள். அப்போது தன் பந்தலின் ஓரக் கல்தூண் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். கொத்தனார் மகளுக்குக் கல்யாணம் என்றார்களே. என்ன சீர் செய்முறை செய்வது? அவள் மனம் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கை ஒரு சக்கரத்தைத் திருகி முடித்திருந்தது. எந்தச் சக்கரம் என்று பார்க்காமல் தூணைப் பார்க்க நடந்துவிட்டாள். கரண்டு நின்ற பிறகுதான் தன் பந்தல் காய்ந்தே கிடப்பதையும் தண்ணீர் பக்கத்துப் பந்தலுக்குப் போயிருப்பதையும் கண்டாள்.

வாய் விட்டுக் கத்திக்கொண்டே ஓடிப்போய் அவளேதான் சுருளியாண்டியிடம் சொன்னாள். சொல்லி என்ன? கொத்துக்கொத்தாகப் பழம் வெடித்தது. புளிச்ச வாடைக்குக் குளவி மொய்த்தது. வியாபாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சுருளியாண்டி தம்பி வீட்டு நடுக்கூடத்தில் வந்து நின்றார். ஜீப்புக்குப் போகாமல் விஜய்பாண்டியும் இருந்தான்.

“ஏலே பாண்டி, ஒன் பொண்டாட்டி கையில தோட்டம் இருக்கிறவரைக்கும் என் பந்தலும் தேறாது, ஒன் பந்தலும் தேறாது. ரெண்டையும் நானே பாத்துக்கிறேன். மோட்டார் ரூம் சாவியக் குடு.”

அந்தச் சாவி போனால் தோட்டம் போனதுதான். நட்ட கொடியிலிருந்து அவள் கையால் வளர்த்த தோட்டம். அனுசுயா சாவியை முந்தானையில் முடிந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் கருத்தம்மாள் சமாதானத்துக்கு வந்தாள். “பொறு பெரியவனே. அவ சூடம் அடிக்கட்டும். இனிமே மறக்க மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லட்டும். சாவி அவகிட்டயே இருந்துட்டுப் போகுது.”

சுருளியாண்டியும் அரை மனதாகத் தலையாட்டினார். கருத்தம்மாள் தட்டில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள்.

“அடிச்சுரு அனுசு. ஒரு நிமிசம், முடிஞ்சிரும்” என்றான் விஜய்பாண்டி.

“என்னங்க முடியும்?” என்று திரும்பினாள் அவள். “ஏற்கனவே ரெண்டு தடவ அடிச்சேன். ரெண்டும் பொய்யாப் போச்சு. மூணாவது பொய்யையும் என் வாயால சொல்ல வைக்கிறீக. நான் மறப்பேன். நாளைக்கும் மறப்பேன். மறக்க மாட்டேன்னு அடிக்க மாட்டேன்.”

“பாத்தியாலே வாயை? அப்ப சாவியக் குடுறி!”

“இருங்க மாமா. நான் அடிக்கிறதும் ஒண்ணு இருக்கு.” அவள் தட்டின் முன்னால் மண்டியிட்டாள். “வெடிச்ச பழத்துக்கு நான் பொறுப்பு. என் பந்தல் பழத்துல ஒங்களுக்கு ஈடு கட்டுறேன். ஆனா வேணும்னு செய்யல. இது சத்தியம்.” உள்ளங்கையைத் தீயின் மேல் அடித்தாள். அணைந்தது. கை சிவந்தது. அவளே வேறொரு சூடத்தை எடுத்து வைத்துப் பற்றவைத்தாள்.

“இப்ப நீங்க அடிங்க மாமா. ‘சித்திரையில அனுசுயா என்கிட்ட வந்து, வால்வுச் சக்கரத்தக் கழட்டி வைங்கன்னு கேக்கவே இல்ல’ன்னு அடிங்க. அடிச்சிட்டீகன்னா சாவிய ஒங்க காலடியில வச்சிட்டு, இனி அந்தத் தோட்டப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்.”

சூடம் எரிந்தது. சுருளியாண்டி அதைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கேட்டாளா அண்ணே?” என்றான் விஜய்பாண்டி.

“கேட்டா... கேட்டாத்தான் என்னலே? இவ ஒருத்திக்காக...”

“எனக்குச் சொல்லலியே நீங்க.”

“இதெல்லாம் ஒரு பேச்சுன்னு சொல்லுவாகளா?”

சூடம் தானே எரிந்து அடங்கி, தட்டில் கறுப்பு வட்டம் மட்டும் நின்றது. விஜய்பாண்டி எழுந்து ஜீப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். திரும்பி வந்து சிவப்புச் சக்கரத்தை அண்ணன் கையில் வைத்தான். “இனிமே பழம் நிறம் ஏறுறப்பல்லாம் இது ஒங்க வீட்ல இருக்கட்டும்ணே.” அவ்வளவுதான். ஒரு தோட்டத்தையே பிடுங்கப் பார்த்த வழக்கு, ஒரு நட்டைக் கழற்றுகிற நேரத்தில் முடிந்தது. சித்திரையிலேயே முடிந்திருக்க வேண்டியது.

அனுசுயா மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. விஜய்பாண்டியிடம் மட்டும், “நீங்களும் என்னைச் சூடம் அடிக்கத்தான் சொன்னீக” என்றாள். அவன் தலை குனிந்தான். சுருளியாண்டி இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை. மாத்திரை கொஞ்சம் கேட்கிறது, முழுக்க இல்லை. துணி இன்னமும் சில நாள் வாளியில் நாறுகிறது. சாவி அவள் முந்தானையில்தான் இருக்கிறது.

கயல், ஒருத்தி வேணும்னே மறக்க மாட்டாள். அவள் கேட்ட உதவியைத்தான் மற்றவர்கள் வேணும்னே மறுக்கிறார்கள்.

இதைப் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் அனுசுயா போல யாராவது இருப்பார்கள். இந்தக் கதை அவர்களுக்கு முன்பே தெரியும். இதை, அவர்களைக் குட்டுகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்க மாட்டேன் என்றால் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.